கண்ணாடி நூலின் கழிவு யார் கணக்கில்?

(ஒரு கூட்டுறவு ஆய்வாளர்)

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில், ஆண்டு ஆய்வின் பொருட்டுக் கயத்தாற்றுப் பக்கத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். பேரேடுகளைப் பார்த்து முடித்து எழுந்திருக்கும் வேளையில் அங்கத்தினர் ஒருவர் ஒப்பந்தப் பத்திரத்தின் நகல் ஒன்றுடன் வந்து நின்றார். அறுபது வயதைக் கடந்தவர். நான்கு ஏக்கர் மானாவாரி நிலத்தில் உளுந்தும் பருத்தியும் விதைப்பவர். "ஐயா, இதைச் சற்றுப் படித்துச் சொல்லவேண்டும்" என்றார்.

படித்தேன். அவருடைய நிலத்தை அடுத்த புன்செய்யில் நின்ற பழைய காற்றாடி ஒன்றை மூன்றாண்டுகளுக்கு முன் கழற்றியிருக்கிறார்கள். கழற்றிய இறக்கைகள் மூன்றையும் "சில நாள் உங்கள் வரப்போரம் கிடக்கட்டும்" என்று கேட்டு, ஒரு சிறு தொகையும் கொடுத்து, பத்திரமும் எழுதிக்கொண்டார்கள். கோபுரத்தின் உருக்கையும், பல்சக்கரப் பெட்டியையும், மின்னாக்கியிலிருந்த செம்புக் கம்பியையும் விலைக்கு வாங்கிய வியாபாரி லாரிகளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இறக்கைகளுக்கு விலையில்லை, ஆகவே அவை அங்கேயே தங்கிவிட்டன. பத்திரத்தில் வைப்பதற்கு விதி இருந்தது. எடுப்பதற்கு விதி இல்லை.

அன்று மாலை அவற்றை நேரில் காணச் சென்றோம். பக்கத்து ஊர் நெசவாளர் சங்கத்து இயக்குநர் ஒருவரும் உடன் வந்தார். ஒவ்வோர் இறக்கையும் சுமார் 13 மீட்டர் நீளம். அடிப்புறத்தில் உடைந்திருந்த ஓரிடத்தை நெசவாளர் விரலால் தடவிப் பார்த்து, "அண்ணாச்சி, இது துணி அல்லவா? பாவும் ஊடையும் தெரிகிறதே!" என்றார். பிறகு நெடுநேரம் விரலைச் சொறிந்துகொண்டிருந்தார். நுண்ணிய கண்ணாடி முள் ஏறிவிட்டது.

அவர் சொன்னது சரியே. மணல், சுண்ணாம்புக்கல், அலுமினா கலந்த மண், போரான் உப்பு ஆகியவற்றை 1,400 டிகிரி அளவுக்கு உருக்கி, பிளாட்டினக் கலப்பு உலோகத்தால் செய்த தட்டின் நூற்றுக்கணக்கான நுண்துளைகள் வழியே இழுத்தால் கண்ணாடி இழை கிடைக்கிறது. ஓர் இழையின் பருமன் தலைமயிரின் பருமனில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கலாம். நாம் பாவுக்குக் கஞ்சி போடுவதுபோல, இழை வெளிவந்த கணமே அதற்கும் ஒருவகைப் பசை பூசுகிறார்கள். உராய்ந்து தேயாமல் காப்பதும், பின்னர் ஊற்றும் பிசினோடு இழையை ஒட்டச் செய்வதும் அந்தப் பசையின் வேலை. இழைகளைச் சேர்த்து நூலாக்கி, நூலைத் துணியாக்கி, துணியை அச்சில் அடுக்கிப் பாலியெஸ்டர் அல்லது எபாக்ஸிப் பிசினை ஊறவிட்டால், அது இறுகி ஒரே பொருளாகிறது. மக்கள் வாக்கில் 'பைபர்' என்பது இதுவே. 1930களில் அமெரிக்காவில் இவ்விழையைத் தொழில்முறையில் உற்பத்தி செய்யத் தொடங்கினர். இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் ராடார் கருவிகளுக்கு மூடியாகப் பயன்பட்டது. பின்னர் படகு, தண்ணீர்த்தொட்டி, கூரைத்தகடு, காற்றாடி இறக்கை என்று வீட்டுக்கும் காட்டுக்கும் வந்து சேர்ந்தது.

இலேசானது, துருப்பிடிக்காது, கறையான் தீண்டாது, உருக்குக்கு நிகரான வலிமையுடையது. இத்தனை குணங்களும் உபயோகத்தில் இருக்கும்வரை நன்மை. உபயோகம் முடிந்த மறுநாளே அவை யாவும் தொல்லையாகின்றன. வெல்லப்பாகு இறுகினாலும் அதை மறுபடி உருக்கலாம்; சுட்ட செங்கலை மறுபடி களிமண்ணாக்க இயலாது. இந்தப் பிசின் செங்கல் சாதியைச் சேர்ந்தது. ஒருமுறை இறுகிவிட்டால் சூட்டில் உருகாது, கருகும். ஆகவே பழைய இரும்பையும் பழைய பிளாஸ்டிக் குடத்தையும் போல் உருக்கி வார்க்கும் வழி இதற்கில்லை.

"எரித்துவிடலாமா?" என்று பெரியவர் கேட்டார். வேண்டா என்று சொன்னேன். இறக்கையின் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவே எரியக்கூடிய பிசின். அதனைத் திறந்த வெளியில் கொளுத்தினால் நச்சுப் புகை எழும். சில இறக்கைகளின் உட்பகுதியில் பி.வி.சி. நுரைப்பலகை வைத்திருப்பார்கள், அது குளோரின் கலந்த புகையைத் தரும். மிஞ்சிய மூன்றில் இரண்டு பங்கு கண்ணாடி, கட்டுவிட்ட இழையாக நிலத்திலேயே கிடந்து, உழும்போதும் களையெடுக்கும்போதும் காலிலும் கையிலும் ஏறும். ஆடிக்காற்றில் மூச்சிலும் கலக்கும். முழு இறக்கையாகக் கிடப்பதே அதைவிட மேல்.

இனி, மேல்நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். எண்ணிப் பார்த்தால் வழிகள் பல; கணக்குப் பார்த்தால் சிலவே.

முதல் வழி அரைப்பது. துண்டாக்கித் தூளாக்கி, புதிய பைபர்ச் சாமான் செய்யும்போது நிரப்புப் பொருளாகச் சேர்ப்பது. செலவாகும் சக்தி குறைவு, முறையும் எளிது. ஜெர்மனியில் எர்காம் என்ற நிறுவனமும், கனடாவில் பீனிக்ஸ் பைபர்கிளாஸ் என்ற நிறுவனமும் 1990களில் இதனைத் தொழிலாகவே நடத்தின. இரண்டும் பின்னர் மூடப்பட்டன. காரணம் யந்திரத்தில் இல்லை, சந்தையில் இருந்தது. அரைத்த தூளுக்குப் போட்டியாக வந்தது புதிய கண்ணாடி நூலன்று. சாதாரணச் சுண்ணாம்புத் தூள். புதிய கண்ணாடி நூல் கிலோ நூறு ரூபாயை ஒட்டி விற்கிறது என்றால், சுண்ணாம்புத் தூள் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. அரைக்கும் கூலிக்கே அந்த விலை காணாது.

இரண்டாவது வழி, காற்றுப் புகாத உலையில் 450 முதல் 600 டிகிரி வரை சூடாக்கிப் பிசினைப் பிரித்துவிட்டு, இழையை மீட்பது. இங்கே நெசவாளர் ஒருவர் உடனே கேட்கக்கூடிய கேள்வி: "கஞ்சி போய்விடுமே?" ஆம், இழைமேல் பூசிய பசை சூட்டில் அழிகிறது. அது மட்டுமன்று, அந்தச் சூட்டில் கண்ணாடி இழையே தன் வலிமையில் பாதியையும், சில வேளை அதற்கு மேலும் இழக்கிறது. மீண்ட இழை குட்டையாக, சிக்குண்டு, பசையின்றி வருகிறது. இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் சூடான மணற்படுகையில் காற்றைச் செலுத்தி இழையைப் பிரிக்கும் முறையை ஆராய்ந்தார்கள். ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்தில், சூட்டில் இழந்த வலிமையை ரசாயனத்தால் திருப்பித் தரும் முறையைக் கண்டார்கள். ஆராய்ச்சி என்ற அளவில் இவை பாராட்டுக்குரியவை. ஆயினும், புதிய நூலைச் செய்வதற்கு வேண்டிய சக்தியளவுக்கே பழைய நூலை மீட்பதற்கும் செலவாகலாம் என்றால், சுற்றுச்சூழலுக்கு மிச்சமாவது என்ன? கரி இழை விஷயம் வேறு. அது கண்ணாடி நூலைவிடப் பன்மடங்கு விலையுள்ளது. ஆகவே அதை மீட்பவர்களுக்குக் கட்டுபடியாகிறது. பொன்னைப் புடமிடலாம், பித்தளைக்கு அந்தச் செலவு தாங்காது.

மூன்றாவது வழி சிமெண்டு உலை. இதுவே இன்று பெரிய அளவில் நடைமுறையில் உள்ளது. கண்ணாடி நூலில் பாதிக்குச் சற்று மேல் சிலிக்கா. ஐந்தில் ஒரு பங்கு அளவு சுண்ணம். ஏழில் ஒரு பங்கு அளவு அலுமினா. சிமெண்டு செய்பவருக்கு வேண்டிய சரக்குகளும் இவையே. துண்டாக்கிய இறக்கையை உலையில் இட்டால், பிசின் எரிந்து நிலக்கரிக்கு ஈடாகிறது. கண்ணாடி 1,450 டிகிரிச் சூட்டில் கலந்து சிமெண்டின் கட்டியிலேயே சேர்ந்துவிடுகிறது. தனியே சாம்பல் மிஞ்சுவதில்லை. அளவு மீறலாகாது, கண்ணாடியில் உள்ள போரான் மிகுந்தால் சிமெண்டு இறுகத் தாமதமாகும். வடஜெர்மனியின் லேகர்டார்ப் சிமெண்டு ஆலையில் இம்முறை பல ஆண்டுகளாக நடக்கிறது. அமெரிக்காவில் 2020 டிசம்பரில் ஜெனரல் எலெக்ட்ரிக்கும் வியோலியாவும் மிஸ்ஸூரி மாநிலத்தில் இறக்கைகளைத் துண்டாக்கிச் சிமெண்டு ஆலைகளுக்கு அனுப்ப உடன்பாடு செய்துகொண்டன. வழக்கமான சரக்குகளைக் கொண்டு சிமெண்டு செய்வதோடு ஒப்பிட்டால் கரியமில வாயு 27 சதவீதம் குறையும் என்று அவர்கள் அப்போது கூறினார்கள்.

நூலை நூலாக மீட்காமல் சிமெண்டில் கரைத்துவிடுவது மறுபயன் ஆகுமா என்று கேட்பவர்கள் உண்டு. நெசவாளருக்கு மனம் ஒப்பாதுதான். புதைப்பதைவிடவும் எரிப்பதைவிடவும் மேல் என்பதே என் எண்ணம்.

ஒரே முறை ஜெர்மனியில் முன்னதாகவே வேரூன்றியதும், அமெரிக்காவில் தாமதமானதும் ஏன் என்பதைக் கூட்டுறவு அன்பர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஜெர்மனியில் 2005 முதல், எரியக்கூடிய பொருள் மிகுந்த கழிவைப் பக்குவப்படுத்தாமல் புதைப்பது சட்டப்படி கூடாது. புதைக்க வழியில்லாதவன் உலைக்குப் பணம் கொடுத்துத்தான் ஆகவேண்டும். அமெரிக்காவிலோ இடம் ஏராளம், குழிக்கூலி மலிவு. வயோமிங் மாநிலத்துக் காஸ்பர் நகரின் குப்பைக் கிடங்கில் நூற்றுக்கணக்கான இறக்கைகளை வரிசையாக அடுக்கி மண்ணிட்டு மூடினார்கள். குழி மலிவாக இருக்கும் நாட்டில் எந்த மறுபயன் தொழிலும் தலையெடுப்பது கடினம்.

வேறு முயற்சிகளும் உள. அயர்லாந்தின் கார்க் வட்டாரத்தில் 2022இல் பழைய இறக்கைகளை உத்தரமாக வைத்து நடைபாலம் ஒன்று கட்டினார்கள். டென்மார்க்கின் ஆல்போர்க்கில் ஓர் இறக்கை சைக்கிள் கொட்டகையாக நிற்கிறது. பார்க்க அழகாகவே இருக்கின்றன. ஆனால் எத்தனை பாலம், எத்தனை கொட்டகை? மிதமான அமிலத்தில் கரைந்து இழையை விட்டுக்கொடுக்கும் புதுவகைப் பிசினும் வந்துவிட்டது. நம் நாட்டு ஆதித்ய பிர்லா நிறுவனத்தின் 'ரீசைக்ளமைன்' அவ்வகையினது. சீமென்ஸ் கமேசா நிறுவனம் 2021இல் அத்தகைய இறக்கையை அறிவித்து, 2022இல் ஜெர்மனியின் காஸ்காசிக் கடற்காற்றாலையில் பூட்டியது. இனி வருபவற்றுக்கு இது நல்ல செய்தி. பெரியவரின் வரப்போரத்தில் கிடப்பவற்றுக்கு இதனால் பயனில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். கணக்கு என் தொழிலாதலின் சற்று விரிவாகவே சொல்ல எண்ணுகிறேன்.

பற்றுப் பக்கத்தில்: கழற்றும் கூலி, அறுக்கும் கூலி, ஏற்றுகூலி, வண்டி வாடகை, துண்டாக்கும் செலவு. வரவுப் பக்கத்தில்: கொஞ்சம் நிலக்கரியின் விலை, கொஞ்சம் மணலும் சுண்ணாம்புக்கல்லும் மிச்சமானதன் விலை. வரவு பற்றை எட்டுவதில்லை. இறக்கை உள்ளே கூடு. முழுதாக ஏற்றினால் லாரி சுமப்பது பெரும்பாலும் காற்றை. பஞ்சை உதிரியாக ஏற்றுவதற்கும் பேலாக அழுத்தி ஏற்றுவதற்கும் உள்ள வண்டிக்கூலி வித்தியாசத்தைப் பருத்தி விளைவிப்போருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே அறுப்பது கழற்றிய இடத்திலேயே நடக்க வேண்டும். தண்ணீர் விட்டுக்கொண்டே அறுத்தால் தூள் பறக்காது. அந்தச் சேற்றையும் வாரிச் சாக்கில் கட்டி எடுத்துச் செல்லவேண்டும்.

வரவுக்கு மேற்பட்ட செலவை யாரேனும் ஒருவர் தாங்கியே ஆகவேண்டும். பிரான்ஸ் நாட்டில் 2019 முதல், புதிய படகு விற்பவர்கள் செலுத்தும் ஒரு கட்டணத்திலிருந்து பழைய பைபர்ப் படகுகளை உடைக்கும் செலவு நடக்கிறது. ஜப்பானில் 2005இல் தொடங்கிய ஏற்பாட்டில் படகின் சொந்தக்காரரே கட்டணம் செலுத்துகிறார். படகு துண்டாகிச் சிமெண்டு உலைக்குப் போகிறது. எவரும் செலுத்த ஏற்பாடில்லாத இடத்தில் செலவு மறைந்துவிடுவதில்லை. அது நிலத்துக்காரரின் வரப்போரத்தில் வந்து படுத்துக்கொள்கிறது.

நம் மாநிலத்தில் எவ்வளவு இருக்கும்? தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் 1986இல் முதல் காற்றாலைத் தொகுதி ஏற்பட்டது. இன்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் ஆகிய நான்கு கணவாய்க் காற்றையும் நம்பி 10,000 மெகாவாட்டுக்கு மேல் நிற்கிறது. இருபது ஆண்டு ஆயுளென்று வைத்துப் பார்த்தால், 2004க்கு முன் நிறுத்தியவை யாவும் ஆயுள் கடந்தவை. அவை மட்டும் 1,000 மெகாவாட்டுக்கு மேல். பழையவற்றை மாற்றுவதற்கும் புதுப்பிப்பதற்கும் மாநில அரசு 2024இல் ஒரு கொள்கையும் வெளியிட்டது. பெரியவரின் பக்கத்தில் நின்ற 225 கிலோவாட் யந்திரத்தின் இறக்கை ஒன்று 600 கிலோ அளவு. மூன்றும் சேர்ந்து 1.8 டன். இந்த வீதத்தில் 1,000 மெகாவாட்டுக்கு 8,000 டன். இது என் தோராயக் கணக்கு, கூடக்குறைய இருக்கலாம்.

8,000 டன் பெரிய தொகையாகத் தோன்றும். நாள்தோறும் ஆயிரக்கணக்கான டன் உண்ணும் சிமெண்டு உலைக்கு அது ஒரு வாய்ச் சோறு. கயத்தாற்றிலிருந்து தாழையூத்துச் சிமெண்டு ஆலை முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் மதுக்கரை இருக்கிறது. அரியலூர்ச் சிமெண்டு ஆலைகள் நகராட்சிக் குப்பையிலிருந்து பிரித்த பிளாஸ்டிக்கை எரிபொருளாக ஏற்று வருகின்றன. இவ்வாலைகள் இறக்கைகளையும் ஏற்கின்றன என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குத் துண்டாக்கும் யந்திரம் வேண்டும், மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும், ஒரே தரத்தில் தொடர்ந்து சரக்கு வரவும் வேண்டும். சங்கடம் உலையில் இல்லை, திரட்டுவதில் இருக்கிறது. 1.8 டன்னுக்காக எந்த யந்திரமும் ஒரு காட்டுக்கு வராது. 8,000 டன்னும் பத்தாண்டில் பரவி வந்தால் ஆண்டுக்கு 800 டன். அதுவும் ஓர் ஆலையை ஓட்டப் போதாது. சென்னையை அடுத்த இறக்கை ஆலைகளில் வெட்டி ஒதுக்கும் துண்டு, பழைய தொட்டி, கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பைபர்ப் படகு ஆகியவற்றையும் சேர்த்தால்தான் கூடும். 2004 டிசம்பர்ச் சுனாமிக்குப் பின் நம் மீனவர்க்கு வழங்கிய பைபர்ப் படகுகள் ஏராளம். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தார் இதனைத் தனியே ஆராய்தல் நலம். சிதறிய சிறு சரக்கை ஒருமுகமாகத் திரட்டுவது நமக்குப் புதிதன்று. பாலையும் பருத்தியையும் அவ்வாறுதானே திரட்டினோம்?

ஆயினும் திரட்டுநிலையம் ஏற்படும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பத்திரத்தில் கையெழுத்திடும் நாள் நம் கையில் இருக்கிறது. நிலத்தைக் குத்தகைக்கோ பாதைக்கோ வைப்பிடத்துக்கோ விடும் அங்கத்தினர், எடுக்கும் நாளையும் எடுப்பவர் யார் என்பதையும் எழுதாமல் விடலாகாது. அதைவிட முக்கியமானது, உருக்கையும் இறக்கையையும் ஒரே விற்பனையாக ஆக்குவது. காற்றாடியின் எடையில் பெரும்பகுதி விலைபோகும் உலோகம். அந்த லாபத்தை எடுத்துக்கொள்பவரே இறக்கையின் சுமையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். கோபுரம் லாரியில் ஏறிய பிறகு இறக்கைக்காக வழக்காடுவது, கறவை மாட்டை விற்ற பின் சாணத்தை அள்ளச் சொல்லி அழைப்பதை ஒக்கும். எடுக்கும்வரை ஒரு தொகையைப் பிணையாகச் சங்கத்தில் இருவர் பெயராலும் வைப்பீடு செய்து வைக்கக் கோரலாம். எரிக்கலாகாது, உலர அறுக்கலாகாது என்பதும் எழுத்தில் இருக்கவேண்டும்.

பெரியவரின் பழைய பத்திரத்தில் இவற்றில் ஒன்றைக்கூட இனிச் சேர்க்க இயலாது. ஆனால் ஆவணியில் அதே புன்செய்யில் புதிய பெரிய யந்திரம் நிறுத்த வந்தவர்களுக்குப் பாரந்தூக்கி வண்டி செல்ல இவர் நிலத்தின் ஓரம் தேவைப்பட்டது. பழைய மூன்று இறக்கைகளை அப்புறப்படுத்தினால்தான் வழி என்று சங்கத்துச் செயலாளர் முன்னிலையில் எழுதி வாங்கினார். தை மாதம் நான் மறுபடி சென்றபோது இரண்டு போயிருந்தன; மூன்றாவதன்மேல் அவருடைய பேரன் பிடுங்கிய உளுந்துச் செடியைக் காயப் போட்டிருந்தான். போன இரண்டும் எங்கே சென்றன என்று கேட்டேன். லாரி வடக்கே போயிற்று என்பதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. மூன்றாவதை எடுக்க வரும்போது, கொண்டுபோய்ச் சேர்க்கும் இடத்தின் ரசீதைக் கேட்டு வாங்கும்படி சொல்லிவிட்டு வந்தேன்.